ஒரு நூலைத் தேடி நாலந்தாவுக்கு வந்தவர்

நாலந்தா மடத்தின் வாசலில் காவலர்கள் இருந்தார்கள். கேள்வி கேட்பதுதான் அவர்களுடைய வேலை!

மடத்துப் பண்டிதர்களோடு வாதம் செய்ய வருகிறவரை அவர்கள் வாசலிலேயே நிறுத்துவார்கள். கடினமான கேள்விகளைக் கேட்பார்கள். பதில் தெரிந்தால் உள்ளே போகலாம். தெரியாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

பத்துப் பேர் வந்தால் ஏழு, எட்டுப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள்.

இது நடந்தது சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன்பு. இடம், இன்றைய பீகார் மாநிலத்தில் ராஜகிருகத்துக்குப் பக்கத்தில். குப்த அரசர்கள் காலத்தில் தொடங்கிய மடம் அது. புத்த பிட்சுகள் அங்கே தங்கினார்கள், படித்தார்கள், பாடம் சொன்னார்கள்.

637-ம் ஆண்டு வாக்கில் அந்த வாசலுக்குள் ஒரு சீனத் துறவி நுழைந்தார். வயது சுமார் 35. பெயர் யுவான் சுவாங்.

பள்ளிக்கூடப் பாடத்தில் அந்தப் பெயரைப் படித்திருப்பீர்கள். ஹர்ஷர் காலத்தில் வந்த சீன யாத்ரீகர் என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். ஊர் பார்க்க வந்தவர் என்றே பலரும் நினைக்கிறார்கள்.

அவர் படிக்க வந்தவர். அதுவும், முக்கியமாக ஒரே ஒரு நூலைப் படிக்க!

13 வயதுப் பையன்

யுவான் சுவாங் 602-ம் ஆண்டில் சீனாவில் லோயாங் நகருக்குப் பக்கத்தில் பிறந்தார். நான்கு ஆண் பிள்ளைகளில் அவர்தான் கடைசி. தகப்பனார் கன்பூசியசின் நூல்களைக் கற்ற பண்டிதர். பிள்ளை சிறுவனாக இருந்தபோதே அவர் இறந்துவிட்டார்.

ஓர் அண்ணன் புத்த மடத்தில் பிட்சுவாக இருந்தார. தம்பியை அவர் தன்னோடு அழைத்துக்கொண்டார். பையன் மடத்திலேயே வளர்ந்தான்.

அவனுக்கு 13 வயது ஆனபோது அரசாங்கத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. லோயாங்கில் 27 பேரைப் பிட்சுகளாகச் சேர்க்கலாம் என்பது உத்தரவு. நூற்றுக்கணக்கானவர்கள் போட்டி போட்டார்கள். இவனுக்கு வயது போதாது. ஆகவே தேர்வு நடந்த இடத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

தேர்வு செய்ய வந்த அதிகாரி அவனைப் பார்த்தார். யார், என்ன வேண்டும் என்று விசாரித்தார். துறவியாகி புத்தரின் போதனையைப் பரப்ப வேண்டும் என்று பையன் சொன்னான். அதிகாரி அசந்துவிட்டார். வயது போதாவிட்டாலும் அவனைச் சேர்த்துக்கொண்டார்.

618-ல் பழைய ராஜ வம்சம் கவிழ்ந்தது. எங்கும் சண்டை, பஞ்சம். அண்ணனும் தம்பியும் மேற்கே செங்டு நகருக்குப் போய்ப் பிழைத்தார்கள். 20 வயதில் யுவான் சுவாங் முழுத் துறவி ஆனார். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பெரிய ஆசிரியர்களிடம் பாடம் கேட்டார்.

கேட்கக் கேட்கக் குழப்பம்தான் மிஞ்சியது!

சீனாவில் இருந்த புத்த நூல்கள் இந்தியாவிலிருந்து போனவை. பல பேர், பல காலத்தில் மொழிபெயர்த்தவை. சிலவற்றில் பாதிதான் இருந்தது. சில பிழையாக இருந்தன. ஒரே கேள்விக்கு ஓர் ஆசிரியர் ஒரு பதில் சொன்னார், அடுத்தவர் வேறு பதில் சொன்னார். இரண்டு பேருமே புத்தர் சொன்னதாகச் சொன்னார்கள்.

எது சரி? மூல நூலைப் பார்த்தால்தான் தெரியும்.

யோகாசார பூமி என்று ஒரு பெரிய சமஸ்கிருத நூல் உண்டு. மனம் எப்படி வேலை செய்கிறது, தவறான எண்ணம் எங்கே பிறக்கிறது, சாதாரண மனிதன் எப்படிப் படிப்படியாக உயர்ந்து ஞானம் அடைகிறான் என்று 17 படிகளாக விளக்கும் நூல். அது முழுதாகக் கிடைத்தால் சந்தேகம் தீரும் என்று யுவான் சுவாங் நம்பினார். அதைத் தேடி இந்தியாவுக்குப் போவது என்று முடிவு செய்தார்.

தண்ணீர் கொட்டியது

அப்போது எல்லையைத் தாண்டிப் போக யாருக்கும் அனுமதி இல்லை. விண்ணப்பம் கொடுத்தார். பதில் வரவில்லை. 629-ம் ஆண்டு, தடையை மீறிப் புறப்பட்டார். அவரைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு பறந்தது. எல்லையில் இருந்த ஓர் அதிகாரி அந்த உத்தரவை அவர் கண் முன்னாலேயே கிழித்துப் போட்டார். சீக்கிரம் போய்விடும்படி சொன்னார். அவரும் புத்த பக்தர்.

ஒரு கிழவர் தன்னுடைய குதிரையைக் கொடுத்தார். மெலிந்த, வயதான சிவப்புக் குதிரை. ஆனால் 15 தடவை அந்தப் பாலைவனத்தைக் கடந்து போய் வந்த குதிரை.

எல்லையில் ஐந்து காவல் கோபுரங்கள். முதல் கோபுரத்தில் தண்ணீர் எடுக்கப் போனபோது அம்பு பாய்ந்து வந்தது. முழங்காலில் படாமல் தப்பினார். தான் ஒரு துறவி என்று கத்தினார். காவல் தலைவர் இரக்கப்பட்டு விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான ஆபத்து. கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். பறவை இல்லை, விலங்கு இல்லை. தண்ணீர் குடிக்கத் தோல் பையைத் தூக்கினார். பை கை நழுவி விழுந்தது. இருந்த தண்ணீர் எல்லாம் மணலில் கொட்டிவிட்டது.

திரும்பிவிடலாம் என்று கொஞ்ச தூரம் கிழக்கே நடந்தார். இந்தியாவை அடையாமல் ஓர் அடிகூடத் திரும்பி வைப்பதில்லை என்று சபதம் செய்தது ஞாபகம் வந்தது. குதிரையை மறுபடியும் மேற்கே திருப்பினார்.

நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மணலிலேயே விழுந்து கிடந்தார். ஐந்தாம் நாள் இரவு குளிர்ந்த காற்று வீசியது. குதிரை எழுந்தது. சிறிது தூரம் போனதும் அவர் இழுத்த வழியில் போக மறுத்து, வேறு பக்கம் நடந்தது. அங்கே பசும்புல். பக்கத்திலேயே ஒரு குளம்!

அந்தக் கிழக் குதிரை இல்லாவிட்டால் அவருடைய வரலாறு அங்கேயே முடிந்திருக்கும்.

வழியில் தூர்பான் பகுதி அரசர் வேறு விதமான தொல்லை கொடுத்தார். அன்புத் தொல்லை! தன் நாட்டிலேயே இருந்து போதனை செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். யுவான் சுவாங் மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். நான்காம் நாள் அரசர் பயந்துபோய் இறங்கி வந்தார். ஊருக்குத் திரும்பும்போது தன் நாட்டில் மூன்று ஆண்டு தங்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். யுவான் சுவாங் சம்மதித்தார். தங்கம், பட்டு, 30 குதிரைகள், வழியில் உள்ள அரசர்களுக்கு 24 கடிதங்கள், எல்லாம் கொடுத்து அரசர் வழி அனுப்பினார்.

பனி மலையைக் கடக்கும்போது உடன் வந்தவர்களில் பத்துக்கு மூன்று, நான்கு பேர் குளிரில் இறந்தார்கள். இன்றைய ஆப்கானிஸ்தானில் பாமியான் பள்ளத்தாக்கில் மலையைக் குடைந்து செய்த பிரம்மாண்டமான புத்தர் சிலைகளைப் பார்த்தார். (அந்தச் சிலைகள் 2001-ம் ஆண்டு தகர்க்கப்பட்டன.) காஷ்மீரத்தில் இரண்டு ஆண்டு படித்தார். பிறகு கங்கைக் கரை வழியாக நாலந்தாவுக்கு வந்து சேர்ந்தார்.

காத்திருந்த குரு

வாசல் கேள்விகள் அவருக்கு வைக்கப்படவில்லை. அவர் வருகிற செய்தி முன்பே எட்டிவிட்டது. 200 பிட்சுகளும் ஏராளமான ஊர் மக்களும் கொடி, குடை, பூவோடு எதிர்கொண்டு வந்தார்கள். மடத்தில் மணி அடித்து, அவர் இங்கே தங்குவார் என்று எல்லோருக்கும் அறிவித்தார்கள்.

மடத்தின் தலைவர் பெயர் சீலபத்திரர். வங்காளத்துப் பக்கத்தில் ராஜ குடும்பத்தில் பிறந்தவர். வயது நூறைத் தாண்டிவிட்டது என்று யுவான் சுவாங்கின் சீடர் எழுதிய வரலாறு சொல்கிறது.

யுவான் சுவாங் முழங்காலாலும் முழங்கையாலும் தவழ்ந்து போய் குருவின் பாதத்தில் தலை வைத்தார். எங்கிருந்து வருகிறாய் என்று குரு கேட்டார். சீனாவிலிருந்து யோகாசார பூமி படிக்க வந்ததாகச் சொன்னதும் கிழவர் அழுதுவிட்டார்!

காரணத்தைக் குருவின் உறவினரான ஒரு முதிய பிட்சு சொன்னார். சீலபத்திரருக்குக் கை கால் மூட்டுகளில் தீராத வலி. 20 ஆண்டாக வேதனை. மூன்று ஆண்டுகளுக்கு முன் வலி தாங்காமல், சாப்பிடாமல் இருந்து உயிரை விட்டுவிடலாம் என்று நினைத்தார். அன்று இரவு கனவு. சீனாவிலிருந்து ஒரு பிட்சு படிக்க வருகிறார், அவருக்குக் கற்றுக்கொடு, நோய் தீரும் என்று கனவில் வந்தவர்கள் சொன்னார்கள். அன்று முதல் அவர் காத்திருந்தார்.

கனவை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அந்த வயதிலும் அந்த உடம்போடும் அவர் பாடம் நடத்தினார் என்பது நிச்சயம்.

அவருக்கும் ஒரு குரு உண்டு. அந்தக் குருவின் பெயர் தர்மபாலர். அவருக்கு ஊர் நம் காஞ்சிபுரம்! காஞ்சியில் பெரிய அமைச்சரின் மகன். அரச குமாரியோடு கல்யாணம் நிச்சயமாகி இருந்தது. அதற்கு முந்தின நாள் துறவறம் தேடி ஊரை விட்டுப் போய்விட்டவர் என்று யுவான் சுவாங் எழுதி வைத்திருக்கிறார். நாலந்தாவுக்கு வந்து அதன் தலைவராக விளங்கினார்.

காஞ்சிக்காரரிடம் படித்தவர் வங்காளத்துக்காரர். அவரிடம் படிக்க வந்தவர் சீனர்.

நூறு ஊரின் அரிசி

நாலந்தாவில் பத்தாயிரம் பேர் இருந்ததாக அவருடைய சீடர் எழுதினார். யுவான் சுவாங் தம் நூலில் பல ஆயிரம் பேர் என்று மட்டும் எழுதினார். 675-ம் ஆண்டு வாக்கில் வந்து பத்து ஆண்டு தங்கிய இத்சிங் என்ற சீனத் துறவி, மூவாயிரத்துக்கு மேல் என்று சொல்கிறார். எப்படிப் பார்த்தாலும் ஒரு சிறிய ஊர்!

இத்தனை பேருக்கும் சாப்பாடு?

அரசர் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களின் வருமானத்தை மடத்துக்கு எழுதி வைத்திருந்தார். அந்தக் கிராமங்களிலிருந்து 200 குடும்பங்கள் தினமும் அரிசியும் வெண்ணெயும் பாலும் கொண்டு வந்து இறக்கும். பிட்சுகள் பிச்சைக்கு அலைய வேண்டியதில்லை. முழு நேரமும் படிக்கலாம். நாலந்தாவின் பண்டிதர்கள் பெயர் வரலாற்றில் இருக்கிறது. வெயிலில் நின்று அவர்களுக்குச் சோறு போட்ட உழவர்கள் ஒருவர் பெயரும் இல்லை.

யுவான் சுவாங்குக்கு விசேஷ மரியாதை. தினமும் 20 பாக்கு, 20 சாதிக்காய், கொஞ்சம் கற்பூரம், ஒரு படி மகாசாலி அரிசி. மகாசாலி என்பது மகத நாட்டில் மட்டும் விளைந்த நெல். அரிசி கருப்பு அவரை விதை அளவு இருக்கும். சோறு வடித்தால் ஊரே மணக்கும். அரசர்களுக்கும் பெரிய பண்டிதர்களுக்கும் மட்டுமே அது கிடைக்கும். வெளியே போக யானையும் கொடுத்தார்கள்.

மடத்தின் அன்றாட வாழ்க்கையை இத்சிங் விவரமாக எழுதியிருக்கிறார்.

காலையில் மணி அடிக்கும். குளிக்கும் நேரம்! மடத்தைச் சுற்றிப் பத்துக்கு மேல் பெரிய குளங்கள். நூற்றுக்கணக்கான பிட்சுகள் குளியல் துணியோடு கிளம்பி நான்கு பக்கமும் போவார்கள். பல் துலக்கக் குச்சி. சாப்பிடும் முன் கை கால் கழுவ வேண்டும். நண்பகலுக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். அப்புறம் மறு நாள்தான்.

நேரம் பார்க்கத் தண்ணீர்க் கடிகாரம். அடியில் சிறு துளை உள்ள செப்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். தண்ணீர் ஏறிக் கிண்ணம் மூழ்கினால் ஒரு பொழுது முடிந்தது. சிறுவர்கள் அதைக் கவனித்துக்கொள்வார்கள். உடனே முரசு ஒலிக்கும்.

மாலைப் பிரார்த்தனைக்கு எல்லோரும் ஒரே இடத்தில் கூட முடியாது. அவ்வளவு கூட்டம்! ஆகவே துதி பாடுகிற பிட்சு ஒருவர் மண்டபம் மண்டபமாகப் போவார். அவருக்கு முன்னால் பணியாளர்களும் சிறுவர்களும் பூவும் தூபமும் எடுத்துப் போவார்கள். சுற்றி முடிக்க இருட்டிவிடும்.

மடத்துக் காரியங்களை ஒருவர் மட்டும் முடிவு செய்யக் கூடாது. சபை கூட வேண்டும். ஒவ்வொருவரிடமும் போய்ச் சம்மதம் கேட்க வேண்டும். சபையைக் கேட்காமல் ஒரு பிடி தானியத்தைத் தன் இஷ்டப்படி செலவு செய்தாலும் மடத்தை விட்டு வெளியேற்றிவிடுவார்கள்.

அழுத பிராமணர்

தினமும் நூறு இடங்களில் பாடம் நடக்கும். புத்த நூல்கள் மட்டும் அல்ல. வேதம், இலக்கணம், தர்க்கம், மருத்துவம், சாங்கியம் எல்லாம் உண்டு. மாற்றுக் கட்சிக்காரர் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் அவரோடு வாதாட முடியுமா?

ஒரு நிமிஷத்தைக்கூட யாரும் வீணாக்குவதில்லை. பெரியவரும் சிறியவரும் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டார்கள். படிப்பில் பின்தங்கியவருக்கு வெட்கமாக இருக்கும்.

சீலபத்திரர் யோகாசார பூமி பாடத்தைத் தொடங்கினார். கேட்க ஆயிரக்கணக்கானவர்கள் கூடினார்கள். தொடங்கிய உடனே வெளியே ஒரு பிராமணர் அழுதார், பிறகு சிரித்தார். ஆள் அனுப்பி விசாரித்தார்கள். தான் அரசனாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகவும், அந்த ஆசையை விட்டு, நாலந்தாவில் சீனத் துறவிக்குச் சொல்லப்படும் பாடத்தைக் கேட்கும்படி உத்தரவானதாகவும் அவர் சொன்னார். சீலபத்திரர் அவரையும் உட்கார வைத்துக்கொண்டார்.

பாடம் முடிய 15 மாதம் ஆயிற்று! முடிந்ததும் அந்தப் பிராமணரை ஹர்ஷ சக்கரவர்த்தியிடம் அனுப்பினார்கள். அவர் மூன்று கிராமம் கொடுத்தார்.

யுவான் சுவாங்குக்கு ஒரு தடவை போதவில்லை. அதே நூலை மூன்று தடவை பாடம் கேட்டார். இலக்கணமும் தர்க்கமும் படித்தார். மொத்தம் ஐந்து ஆண்டு.

பிறகு நாடு சுற்றக் கிளம்பினார். 640-ம் ஆண்டு வாக்கில் காஞ்சிபுரத்துக்கு வந்தார். அப்போது பல்லவர் ஆட்சி. நூற்றுக்கு மேற்பட்ட புத்த மடங்களும், எண்பதுக்கு மேற்பட்ட கோயில்களும், ஏராளமான சமணர்களும் இருந்ததாக எழுதியிருக்கிறார். மக்கள் தைரியசாலிகள், நேர்மையானவர்கள், கல்வியை மதிப்பவர்கள் என்றும் குறித்தார். இலங்கைக்குப் போகவும் நினைத்தார். ஆனால் அங்கிருந்து பிட்சுகள் கூட்டமாகக் காஞ்சிக்கு வந்து சேர்ந்தார்கள். அரசர் இறந்து, நாட்டில் பஞ்சமும் குழப்பமும் என்று சொன்னார்கள். யோகாசார பூமியைப் பற்றி அவர்களிடமே கேட்டுப் பார்த்தார். சீலபத்திரர் சொன்னதற்கு மேல் அவர்களுக்குத் தெரியவில்லை. இலங்கைப் பயணம் நின்றது.

தலையா, பாடமா?

திரும்பி வந்ததும் சீலபத்திரர் அவரையே பாடம் நடத்தச் சொன்னார். மாணவர் ஆசிரியர் ஆனார்.

ஒரு நாள், உலகாயதக் கட்சியைச் சேர்ந்த ஒரு பிராமணர் வந்தார். 40 வாதங்களை எழுதி மடத்து வாசலில் தொங்க விட்டார். இதில் ஒன்றையாவது மறுத்தால் என் தலையைத் தருகிறேன் என்று சவால்!

பல நாள் யாரும் வரவில்லை. யுவான் சுவாங் அந்த ஓலையை எடுத்துவரச் செய்தார். குருவைச் சாட்சியாக வைத்துக்கொண்டு வாதம் நடந்தது. கடைசியில் பிராமணர் வாய் அடைத்துப் போய் எழுந்தார். சொன்னபடி தலையைத் தருவதாகச் சொன்னார்.

துறவி உயிரை எடுப்பதில்லை என்றார் யுவான் சுவாங். தம்மிடம் வேலை செய்தால் போதும் என்றார்.

அடுத்து நடந்ததுதான் இன்னும் அருமை. வேறொரு வாதத்துக்காக யுவான் சுவாங் ஒரு நூலைப் படிக்க வேண்டியிருந்தது. மகாயானக் கொள்கையைத் தாக்கி எழுதிய நூல். சில இடங்கள் புரியவில்லை. அந்தப் பிராமணர் அதை ஐந்து தடவை பாடம் கேட்டவர் என்று தெரிந்தது. விளக்கம் சொல்லும்படி கேட்டார். வேலைக்காரன் எஜமானுக்குப் பாடம் சொல்வதா என்று அவர் தயங்கினார். மற்றவர்கள் பார்த்தால் அவருக்குக் கௌரவக் குறைவு என்றும் அஞ்சினார். யுவான் சுவாங் இரவில் எல்லோரும் போன பிறகு அவரை உட்கார வைத்துப் பாடம் கேட்டார். முடிந்ததும் அவரை விடுதலை செய்து அனுப்பினார்.

குருவின் அனுமதி

நூல் கிடைத்தது. படித்தும் ஆயிற்று. இனி?

நாலந்தா பிட்சுகள் அவரை விட மனம் இல்லாமல் தடுத்தார்கள். புத்தர் பிறந்த நாடு இது, இதை விட்டு அந்த எல்லைப்புற நாட்டுக்கு ஏன் போக வேண்டும் என்றார்கள். யுவான் சுவாங்குக்கும் இங்கே குறை ஒன்றும் இல்லை. மரியாதை, யானை, மகாசாலி அரிசி! சீனாவிலோ, தடையை மீறி ஓடியவர் என்ற குற்றம் காத்திருந்தது.

விஷயம் குருவிடம் போனது. யுவான் சுவாங் தம் மனதில் இருந்ததைச் சொன்னார். தாம் கேட்டதைக் கேட்க முடியாதவர்கள் அங்கே இருக்கிறார்கள், நூல்களை அவர்கள் மொழியில் தருவதுதான் குருவுக்குச் செய்யும் கைம்மாறு என்றார்.

கிழவர் மகிழ்ந்துபோனார். தாம் ஆசைப்பட்டதும் அதுதான் என்றார். இவரை யாரும் தடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

குருவும் சீடரும் அதற்குப் பிறகு சந்திக்கவே இல்லை.

காமரூப அரசர் பாஸ்கரவர்மன் அழைத்தார். ஹர்ஷர் அழைத்தார். ஹர்ஷர் கன்னோஜியில் கூட்டிய மகாசபையில் 18 நாட்டு அரசர்கள் கூடினார்கள். யுவான் சுவாங்கின் வாதத்தை மறுக்க ஒருவரும் எழவில்லை. 643-ல் ஊருக்குப் புறப்பட்டார்.

சிந்து நதியைக் கடக்கும்போது அவர் யானை மீது இருந்தார். ஏடுகள் படகில் வந்தன. நடு ஆற்றில் அலை அடித்துப் படகு சாய்ந்தது. 50 ஏடுகள் வெள்ளத்தோடு போய்விட்டன. சீனாவில் நடுவதற்காகச் சேர்த்திருந்த இந்தியப் பூ விதைகளும் போயின.

தூர்பான் அரசருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் முடியவில்லை. அந்த அரசர் இறந்துவிட்டார். 640-ல் அவருடைய நாட்டைச் சீனப் படை பிடித்துவிட்டது.

மை காயாத கை

645-ம் ஆண்டு தொடக்கத்தில் யுவான் சுவாங் சீனத் தலைநகர் சாங்கானுக்குள் நுழைந்தார். 20 குதிரைகள் மீது 657 நூல்கள்! தெருவெல்லாம் ஜனக் கூட்டம். பேரரசர் தைசுங் அவரைத் தண்டிக்கவில்லை. துறவறத்தை விட்டு அமைச்சராக வரும்படி கேட்டார். யுவான் சுவாங் மறுத்துவிட்டார். மொழிபெயர்க்க ஓர் இடம் கொடுத்தால் போதும் என்றார்.

இடம் கிடைத்தது. ஒரு மடம் நிறையப் பிட்சுகளை அரசாங்கம் உதவிக்குக் கொடுத்தது. ஒருவர் எழுதுவார், ஒருவர் மூலத்தோடு ஒப்பிடுவார், ஒருவர் நடையைத் திருத்துவார். நாலந்தாவில் பார்த்த ஒழுங்கு இங்கேயும் வந்தது.

விடியும் முன் எழுவார். அன்று மொழிபெயர்க்க வேண்டிய பகுதியைச் சிவப்பு மையால் குறிப்பார். பகலில் வேலை தடைப்பட்டால் இரவில் உட்கார்ந்து முடிப்பார். மத்தியானமும் மாலையும் பாடம். சந்தேகம் கேட்க வரும் பிட்சுகள் தாழ்வாரத்தில் நிறைந்து நிற்பார்கள். ஒருவருக்கும் பதில் சொல்லாமல் அனுப்ப மாட்டார்.

யோகாசார பூமி 648-ல் முழுதாகச் சீன மொழிக்கு வந்தது. 100 சுருள்கள்! அரசர் கேட்டதற்காக, தாம் பார்த்த நாடுகளைப் பற்றியும் ஒரு நூல் சொல்லி எழுத வைத்தார். அந்த நூலால்தான் ஹர்ஷர் காலத்து இந்தியாவைப் பற்றி இன்று நமக்கு இவ்வளவு தெரிகிறது.

ஏடுகள் தீப்பிடிக்காமல் இருக்க ஒரு கோபுரம் வேண்டும் என்று கேட்டார். 652-ல் அது எழும்பியது. 50 வயதுத் துறவி தாமே கூடையில் செங்கல் சுமந்தார். பிற்காலத்தில் திருத்திக் கட்டப்பட்ட அந்தக் கோபுரம் சியான் நகரில் இன்றும் நிற்கிறது.

காஞ்சித் தர்மபாலரின் கருத்துகளை முக்கியமாகக் கொண்டு ஒரு நூலையும் 659-ல் சீன மொழியில் ஆக்கினார். தோஷோ என்ற ஜப்பானியத் துறவி யுவான் சுவாங்கிடமே வந்து படித்தார். அவர் மூலம் காஞ்சிக்காரரின் கருத்து ஜப்பானுக்கும் போனது.

புத்தகயையிலிருந்து ஒரு கடிதம்

652-ல் இந்தியாவிலிருந்து ஒரு பிட்சு வந்தார். புத்தகயை மடத்துப் பழைய நண்பர்கள் கடிதம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கூடவே இரண்டு வெள்ளைத் துணிகள். மறக்கவில்லை என்பதற்கு அடையாளம்!

654-ல் அந்தப் பிட்சு திரும்பும்போது யுவான் சுவாங் பதில் எழுதிக் கொடுத்தார். சீலபத்திரர் காலமான செய்தி ஒரு தூதர் மூலம் அவருக்கு எட்டியிருந்தது. அந்தத் துக்கத்தை எழுதினார். குருவிடம் கேட்ட யோகாசார பூமியை மொழிபெயர்த்து முடித்துவிட்டதைத் தெரிவித்தார். சிந்து நதியில் போன ஏடுகளின் பட்டியலையும் சேர்த்து வைத்தார். வசதிப்பட்டால் அவற்றை அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். பத்து ஆண்டு ஆகியும் எந்தெந்த ஏடு போனது என்று ஞாபகம் வைத்திருந்தார்!

660-ல் மகா பிரக்ஞா பாரமிதை என்ற நூலைத் தொடங்கினார். 600 சுருள்கள். சுருக்கி எழுதலாம் என்று சீடர்கள் சொன்னார்கள். அவரும் சம்மதித்தார். இரவில் பயங்கரக் கனவுகள் வந்தன. ஒரு வரியையும் விடக் கூடாது என்று முடிவை மாற்றிக்கொண்டார். 663-ல் முழுதாக முடித்தார்.

664-ம் ஆண்டு பிறந்தது. இன்னொரு பெரிய நூலையும் எடுக்கும்படி கேட்டார்கள். சில வரிகள் மொழிபெயர்த்தார். ஏட்டை மூடி வைத்துவிட்டார். உடம்பில் தெம்பு இல்லை. சில நாளில் ஒரு வாய்க்காலைத் தாண்டும்போது கால் இடறி விழுந்தார். படுத்தவர் எழவில்லை. அந்த ஆண்டே காலமானார்.

அதுவரை அவர் மொழிபெயர்த்தவை 75 நூல்கள். மொத்தம் 1,335 சுருள்கள்.

1957-ல் அவருடைய மண்டை ஓட்டின் ஒரு சிறு பகுதி சீனாவிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. தலாய் லாமா அதைப் பிரதமர் நேருவிடம் ஒப்படைத்தார். பாட்னா அருங்காட்சியகத்தில் அதை வைத்தார்கள். நாலந்தாவில், அவர் படித்த மடத்தின் இடிபாடுகளுக்குச் சிறிது தூரத்தில், அவர் பெயரில் ஒரு மண்டபம் கட்டினார்கள்.